பழைய ஸ்பீக்கரில் வூஃபர் போயிடுச்சா? புதுசு வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க

அப்பா 1990-களில் ஆசையாக வாங்கிய ஸ்டீரியோ செட் பரணில் கிடக்கிறது. அதை இறக்கித் தூசி தட்டி, ஒரு ப்ளூடூத் ரிசீவரை இணைத்து, பிடித்த பாட்டைப் போடுகிறீர்கள். வலது ஸ்பீக்கர் கம்பீரமாகப் பாடுகிறது. இடது பக்கம் மட்டும் கரகரவென்று இழுக்கிறது, பேஸ் சுத்தமாக இல்லை. "வூஃபர் போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அடுத்து கடைக்குப் போனால் மூன்று கேள்விகள் வரும். "எத்தனை இன்ச்? எத்தனை ஓம்? எத்தனை வாட்ஸ்?" இந்த மூன்றையும் சொல்லி வாங்கி வரும் வூஃபர் பெட்டியில் சரியாகவே உட்காரும். பாட்டு மட்டும் பழையபடி இருக்காது. சில நேரம் நன்றாக இருந்த ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்து போய்விடும்.

காரணம் எளிது. வூஃபர் என்பது பல்பு மாதிரி கழற்றி மாட்டும் பொருள் அல்ல. பெட்டியின் கொள்ளளவு, உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர், மேலே இருக்கும் ட்வீட்டர் ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்குப் போட்டு வைக்கப்பட்ட உறுப்பு அது. அதனால் முதல் வேலை புதிய வூஃபர் தேடுவது அல்ல. பழையதைக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பது. முடியாது என்றால்தான் மாற்று.

வூஃபருக்குள் எது கெட்டுப்போகும்?

வூஃபரின் அமைப்பு எளிமையானது. பின்னால் ஒரு காந்தம். அதன் நடுவே உள்ள குறுகிய வட்ட இடைவெளியில் செம்புக் கம்பி சுற்றிய ஒரு குழல். இதுதான் வாய்ஸ் காயில். காயிலோடு ஒட்டியிருப்பது கூம்பு, அதாவது கோன். கோனின் வெளி விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் சரவுண்ட். காயில் பக்கவாட்டில் அசையாமல் மையத்தில் பிடித்து வைக்கும் மடிப்புத் துணி ஸ்பைடர்.

இதில் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் பழுது வரும்.

முதலாவது, சரவுண்ட். 1970-களிலிருந்து 90-கள் வரை வந்த பல ஸ்பீக்கர்களில் இந்த வளையம் பாலியூரித்தேன் ஃபோமால் ஆனது. காற்றில் உள்ள ஈரப்பதமும் வெப்பமும் ஃபோமை மெல்ல மெல்ல உருக்குலைக்கும். ஸ்பீக்கரைப் போடாமல் மூடி வைத்திருந்தாலும் இது நடக்கும். 15, 20 ஆண்டுகளில் தொட்டாலே பிசுபிசுவென்று உதிரும் நிலைக்கு வந்துவிடும். சென்னை, மும்பை, கொல்கத்தா போன்ற கடலோர, ஈரப்பதமான ஊர்களில் இது இன்னும் சீக்கிரம். ரப்பர் அல்லது துணி சரவுண்ட் என்றால் ஆயுள் அதிகம்.

இரண்டாவது, வாய்ஸ் காயில். அளவுக்கு மீறி சத்தம் வைத்தாலோ, ஆம்ப்ளிஃபையர் பழுதாகி டி.சி. மின்சாரத்தை அனுப்பினாலோ காயில் சூடாகி எரியும்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே "போயிடுச்சு"தான். ஆனால் முதலாவது சின்னச் சிகிச்சை, இரண்டாவது பெரிய அறுவை சிகிச்சை.

உண்மையில் போனது வூஃபர்தானா?

நான்கு சோதனைகள். ஒரு ஸ்க்ரூடிரைவரும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரும் போதும்.

*ஒன்று: இடம் மாற்றுங்கள்.* ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். கரகரப்பு அதே ஸ்பீக்கரில் தொடர்ந்தால் கோளாறு ஸ்பீக்கரில் இருக்கிறது. அடுத்த ஸ்பீக்கருக்கு மாறிவிட்டால், குற்றவாளி ஆம்ப்ளிஃபையர் அல்லது அதற்கு முன்னால் உள்ள ஏதோ ஒன்று. வூஃபர் பாவம், நிரபராதி.

*இரண்டு: பார்த்து, அழுத்துங்கள்.* முன்பக்க வலையைக் கழற்றி சரவுண்டைப் பாருங்கள். கிழிசலோ உதிர்வோ இருந்தால் அங்கேயே விடை பாதி கிடைத்துவிட்டது. இப்போது இரண்டு கை விரல்களையும் கோனின் இரு பக்கமும் சமமாக வைத்து, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் நல்லது. உப்புத்தாள் உரசுவது போல 'சரக் சரக்' என்றால், காயில் மையம் விலகி உரசுகிறது அல்லது எரிந்து உப்பியிருக்கிறது.

*மூன்று: ஓம் பாருங்கள்.* வூஃபரை வெளியே எடுத்து, அதன் ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் மின்தடையை அளங்கள். 8 ஓம் என்று அச்சிட்ட வூஃபர் மீட்டரில் 8 காட்டாது, 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் வூஃபர் 3-லிருந்து 4-க்குள் நிற்கும். அச்சிட்ட எண் பாட்டு ஓடும்போதுள்ள மின்மறுப்பு, மீட்டர் அளப்பது வெறும் கம்பியின் தடை என்பதால் இந்த வித்தியாசம் இயல்பானது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் காயில் ஷார்ட். எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கலாம். ஆனால் உடனே கைவிட்டுடாதீங்க. டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் மட்டும் ஒடிந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். அதை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் வேலை முடிந்தது.

*நான்கு: ஆம்ப்ளிஃபையரையும் விசாரியுங்கள்.* காயில் எரிந்திருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, பாட்டு இல்லாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் டெர்மினல்களுக்கு இடையே டி.சி. வோல்டேஜை அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று வந்தால் ஆம்ப்ளிஃபையர் பழுது. அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த வூஃபர் போட்டாலும் அதுவும் எரியும்.

ஃபோம் மட்டும் உதிர்ந்திருந்தால்

இது நல்ல செய்தி. காந்தம், காயில், கோன் எல்லாம் நன்றாக இருக்கும்போது வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். பழைய ஒலி ஏறக்குறைய அப்படியே திரும்பும். ஏனென்றால் வூஃபர் அதேதான்.

சரவுண்ட் வாங்கும்போது "8 இன்ச் வளையம் கொடுங்க" என்று கேட்பது போதாது. கோனின் விட்டம், வளையத்தின் உள் விட்டம், வெளி விட்டம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து கொண்டு போங்கள். பழைய வளையம் கோனின் மேல்புறம் ஒட்டியிருக்கிறதா, அடிப்புறமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோமுக்குப் பதில் தடித்த ரப்பர் வளையம் போட்டால் ஆயுள் கூடும்; ஆனால் கோனின் அசைவு இறுகிவிடும், பேஸின் தன்மையும் மாறும். இயன்றவரை பழையதன் வகையையே தேடுங்கள்.

நீங்களே ஒட்டலாம். பழைய பசையைப் பொறுமையாகச் சுரண்டி எடுப்பதுதான் வேலையில் பாதி. காயில் சரியாக மையத்தில் நிற்கும்படி ஒட்டுவது மீதிப் பாதி. ஒட்டும்போது 20, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, உரசல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே சரிசெய்வது பலரும் பின்பற்றும் வழி. காய்ந்ததும் இறுகிப்போகும் சூப்பர் க்ளூ வகைப் பசை வேண்டவே வேண்டாம். காய்ந்த பிறகும் வளைந்துகொடுக்கும் ஸ்பீக்கர் பசை தனியாகக் கிடைக்கிறது. ஒட்டியபின் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

ஒரு பக்கம் உதிர்ந்திருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

காயில் எரிந்திருந்தால்

இதற்கு ரீகோனிங் என்று பெயர். கோன், காயில், ஸ்பைடர், சரவுண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பழைய காந்தத்திலும் சட்டத்திலும் புதிய உறுப்புகளைப் பொருத்துவார்கள். கோயில் திருவிழா, கல்யாண மண்டபம் என்று மைக் செட் ஓடும் ஊர்களில் எல்லாம் இந்த வேலை தெரிந்தவர் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

ஆனால் மைக் செட் ஸ்பீக்கருக்குச் செய்யும் அதே வேலையை வீட்டு ஸ்பீக்கருக்குச் செய்துவிடக் கூடாது. கையில் இருக்கும் ஏதோ ஒரு தடித்த கோனையும் இறுக்கமான ஸ்பைடரையும் போட்டால் அது புது வூஃபர் மாதிரிதான். பழைய காந்தம் மட்டும் மிஞ்சும். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, இது வீட்டு செட். காயில் விட்டம், சுற்று உயரம், ஓம் மூணும் பழையதுதான் வரணும். கோன் எடையும் ஒட்டி இருக்கணும்." கூடவே நன்றாக இருக்கும் மறுபக்க வூஃபரையும் மாதிரிக்குக் கொண்டு போங்கள்.

மாற்று வூஃபர்தான் வழி என்றால்

முதல் தேர்வு, அதே மாடலின் வூஃபர். வூஃபரின் காந்தத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் அல்லது முத்திரை குத்தியிருக்கும் பாக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மாடல் எண்ணைவிட இது முக்கியம். ஒரே வூஃபரை நிறுவனங்கள் பல மாடல்களில் பயன்படுத்தியிருக்கும். 1970-ல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் போல இன்றும் இயங்கும் நிறுவனத்தின் ஸ்பீக்கர் என்றால் நேரடியாகக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. பழுதான அதே மாடல் ஜோடி செகண்ட் ஹேண்டில் வந்தால், உதிரி பாகத்துக்காகவே அதை வாங்குபவர்களும் உண்டு.

அது கிடைக்கவில்லை என்றால் பொருத்தம் பார்க்க வேண்டியதுதான்.

*அளவு:* '8 இன்ச்' என்பது ஒரு பேச்சு வழக்கு. ஒரு நிறுவனம் சட்டத்தின் வெளி விட்டத்தைச் சொல்லும், இன்னொன்று வேறு எதையோ சொல்லும். பெட்டியில் உள்ள துளையின் விட்டம், சட்டத்தின் வெளி விட்டம், ஸ்க்ரூ துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், பின்புற ஆழம் என்று நான்கையும் அளங்கள்.

*ஓம்:* பழையது எதுவோ அதுவே. 8 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் போட்டால் அதே வால்யூமில் ஆம்ப்ளிஃபையர் இரண்டு மடங்கு மின்னோட்டம் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய ஆம்ப்ளிஃபையர் சூடாகிப் படுத்துவிடலாம். கிராஸ்ஓவரின் கணக்கும் தப்பிப் போகும்.

*வாட்ஸ்:* கடையில் அதிகம் பேசப்படுவது இதுதான். ஒலியைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்வதும் இதுதான். 90-களின் மினி சிஸ்டங்களில் ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்ட பி.எம்.பி.ஓ. எண்ணுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட்ஸை மட்டும் பாருங்கள். அது உங்கள் ஆம்ப்ளிஃபையரின் திறனை ஒட்டி இருந்தால் போதும்.

*சென்சிடிவிட்டி:* ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பதை டெசிபலில் சொல்லும் எண். பழையது 90, புதியது 87 என்றால், அதே சத்தத்துக்குப் புதியதற்கு இரண்டு மடங்கு திறன் வேண்டும். ட்வீட்டர் பழையபடி கத்தும், வூஃபர் பின்தங்கும். பாட்டு 'ஸ்ஸ்' என்று மெலிந்து கேட்கும்.

பெட்டிக்கும் வூஃபருக்கும் ஜாதகப் பொருத்தம்

இதுவரை பார்த்தவை எல்லாம் சரியாக இருந்தும் பேஸ் சொதப்பலாம். அதற்கான விடையைத் தந்தவர்கள் இருவர். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையையும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் சிட்னி பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வையும் அடிப்படையாகக் கொண்ட எண்களைத்தான் இன்று 'தீல்–ஸ்மால் அளவுகள்' என்கிறோம். தரமான வூஃபரின் ஸ்பெக் ஷீட்டில் இவை இருக்கும். மூன்றைப் புரிந்துகொண்டால் போதும்.

*எஃப்.எஸ்.:* ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் அது தனக்கென்று ஒரு வேகத்தில் ஆடும் அல்லவா? அதுபோல கோன் தானாக ஆட விரும்பும் அதிர்வெண் இது. 35 ஹெர்ட்ஸ் என்றால் ஆழமான பேஸ் சாத்தியம். 80 என்றால் அடி பேஸை எதிர்பார்க்காதீர்கள்.

*க்யூ.டி.எஸ்.:* தள்ளிவிட்ட ஊஞ்சல் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பது. எண் சிறியது என்றால் உடனே அடங்கும். பெரியது என்றால் ஆடிக்கொண்டே இருக்கும்.

*வி.ஏ.எஸ்.:* வூஃபரின் இலகுத்தன்மை, எத்தனை லிட்டர் காற்றின் இலகுத்தன்மைக்குச் சமம் என்பது. பெட்டிக்குள் உள்ள காற்று ஒரு ஸ்ப்ரிங் போல வேலை செய்வதால் இந்த எண் முக்கியம்.

உங்கள் பெட்டியில் காற்று வெளியேற ஒரு குழாய், அதாவது போர்ட், இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பெக் ஷீட்டில் எஃப்.எஸ். எண்ணை க்யூ.இ.எஸ். என்ற எண்ணால் வகுத்தால் ஒரு தோராயக் கணக்கு கிடைக்கும். 50-க்குக் கீழ் வந்தால் மூடிய பெட்டிக்கு ஏற்றது, 100-க்கு மேல் வந்தால் போர்ட் உள்ள பெட்டிக்கு ஏற்றது, இடைப்பட்டது இரண்டிலும் முயலலாம். க்யூ.டி.எஸ். அதிகமுள்ள வூஃபரை போர்ட் பெட்டியில் போட்டால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி 'திம் திம்' என்று அதிரும்.

பழைய வூஃபருக்கு ஸ்பெக் ஷீட்டே இல்லையா? பெரும்பாலும் இருக்காது. ஆனால் உங்களிடம் நன்றாக ஓடும் மறுபக்க வூஃபர் இருக்கிறதே! அதுதான் உங்கள் அளவுகோல். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருள், ஒரு சவுண்ட் கார்டு, ஒரு ரெசிஸ்டர் இருந்தால் வீட்டிலேயே இந்த எண்களை அளந்துவிடலாம். அதைப் பெட்டியின் லிட்டர் கணக்கோடு வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால், எந்த வூஃபர் எப்படிப் பேசும் என்பது வரைபடமாக வந்துவிடும். ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு சனிக்கிழமைக்கான நல்ல ப்ராஜெக்ட்.

கார் சப்வூஃபர், மைக் செட் வூஃபர் போடலாமா?

நம்மூர் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை இந்த இரண்டும்தான். அதனால் "இதையே போட்டுக்கோங்க சார், செம்மையா இருக்கும்" என்று சொல்வார்கள்.

கார் சப்வூஃபர்களில் பல 4 ஓம் அல்லது அதற்கும் குறைவு. சென்சிடிவிட்டி குறைவு. முக்கியமாக, அவை அடி பேஸ் மட்டுமே தருபவை. வீட்டு 2-வே ஸ்பீக்கரில் வூஃபர் 2,000, 3,000 ஹெர்ட்ஸ் வரை பாட வேண்டும். பாடகர் குரலின் பெரும்பகுதி அதிலிருந்துதான் வருகிறது. அங்கே சப்வூஃபர் போட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.

மைக் செட் வூஃபர் நேர் எதிர். சத்தம் அதிகம் வரும், ஆனால் கோன் இறுக்கமானது, எஃப்.எஸ். உயரம். சிறிய வீட்டுப் பெட்டியில் அடி பேஸ் காணாமல் போகும்.

எங்கே தேடுவது?

சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூருவில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லேமிங்டன் ரோடு, டெல்லியில் செங்கோட்டைக்கு எதிரே உள்ள பழைய லஜ்பத் ராய் மார்க்கெட், கொல்கத்தாவில் சாந்தினி மார்க்கெட், ஹைதராபாத்தில் கோட்டி பகுதியின் குஜராத்தி கல்லி. வேலைக்காக எந்த ஊரில் இருந்தாலும் அங்கே ஒரு எலக்ட்ரானிக்ஸ் சந்தை உண்டு.

பழைய வூஃபரையும் மல்டிமீட்டரையும் கையோடு கொண்டு போங்கள். வாங்கும் முன் கடையிலேயே ஓம் பாருங்கள், கோனை அழுத்திப் பாருங்கள். "ஸ்பெக் ஷீட் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதை பில் போடும் முன்பே பேசிவிடுங்கள். ஒன்றல்ல, இரண்டு வாங்குங்கள். ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் வேறு மாடல் என்றால் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாயும்.

மாட்டும்போது கவனம்

கழற்றும் முன் ஒயர்களை போட்டோ எடுத்து வையுங்கள். பிளஸ், மைனஸ் ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் இரண்டு கோன்களும் எதிரெதிராக அசைந்து பேஸை ஒன்றையொன்று அழித்துவிடும். சந்தேகம் வந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை வூஃபரில் நொடிப் பொழுது தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸ் வூஃபரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

ஸ்க்ரூ முடுக்கும்போது காந்தம் ஸ்க்ரூடிரைவரைச் சட்டென இழுக்கும். புது கோனில் ஓட்டை விழ அது போதும். ஒரு கையால் கோனை மறைத்துக்கொண்டு முடுக்குங்கள். பெட்டியைத் திறந்ததோடு கிராஸ்ஓவரில் உள்ள பழைய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களையும் சோதித்துவிடுங்கள். வயதானால் அவற்றின் மதிப்பு மாறும். மாற்றுவதாக இருந்தால் அதே மதிப்பில், பைபோலார் வகையைத்தான் போட வேண்டும்.

எப்போது விட்டுவிடலாம்?

எல்லா ஸ்பீக்கரும் மீட்கத் தகுந்தது அல்ல. மெல்லிய பெட்டி, பேப்பர் ட்வீட்டர், கிராஸ்ஓவர் என்று பெயருக்கு ஒரே ஒரு கெபாசிட்டர் கொண்ட மினி சிஸ்டம் ஸ்பீக்கருக்கு விலை உயர்ந்த வூஃபர் வாங்குவது வீண். தட்டினால் கட்டை போல ஒலிக்கும் கனமான பெட்டி, நல்ல ட்வீட்டர், முறையான கிராஸ்ஓவர் மூன்றும் இருந்தால் செலவு செய்யலாம்.

2022 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தில் பல நிறுவனங்களின் சர்வீஸ், உதிரி பாக விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ஆனால் உற்பத்தி நின்று பல ஆண்டுகளான ஸ்பீக்கருக்கு அங்கே விடை தேட முடியாது. கைவிடுவது என்று முடிவானாலும் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டியது அது.

அதற்கு முன் நல்ல நிலையில் உள்ள வூஃபரையும் ட்வீட்டரையும் கழற்றி, பாக எண்ணோடு விற்பனைக்குப் போடுங்கள். அதே மாடலை வைத்துக்கொண்டு, அதே வூஃபருக்காக இன்னொரு ஊரில் ஒருவர் தேடிக்கொண்டிருக்கக்கூடும்.